சிறைவாசிகளுக்கான சட்ட உதவி: யார் செய்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, நாம் என்ன செய்யலாம்?

ஒரு வீட்டுப் பிள்ளையைப் போலீஸார் அழைத்துச் சென்றுவிட்டால் அந்த வீட்டில் இரண்டு கேள்விகள்தான் எழும். "எந்த வக்கீலைப் பார்ப்பது?" என்பது முதல் கேள்வி. "எவ்வளவு ஆகும்?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடித்தான் தாய்மார்கள் நகையைக் கழற்றுகிறார்கள், தகப்பன்மார்கள் ஆட்டோவை அடகு வைக்கிறார்கள்.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று நீளும் தென்சென்னைப் புறநகரில் நம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. பெரும்பாலும் தினக்கூலி, சிறு கடை, ஓட்டுநர் வேலை, தோல் மற்றும் தையல் தொழில்கள்தான். இத்தகைய குடும்பத்தில் ஒருவர் கைதானால், அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்தின் பொருளாதாரம் தண்டிக்கப்பட்டுவிடுகிறது.

இந்த நிலையை மாற்றுவதற்காக உழைக்கும் தொண்டு அமைப்புகள் நம் நாட்டில் இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன, எந்தப் பணத்தில் செய்கின்றன, அந்தப் பணம் நின்றுபோனால் என்ன ஆகிறது என்பதை நம் மக்கள் அதிகம் அறிந்திருப்பதில்லை. அரசாங்கமே தரும் இலவச சட்ட உதவியைப் பற்றியும் அவ்வளவாகத் தெரிவதில்லை. இவற்றை ஒரே இடத்தில் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறையில் இருப்பவர்கள் யார்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக்கான சிறைப் புள்ளிவிவரத்தின்படி, இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கும் மேல், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். அந்தச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவோ 4,36,266 பேர்தான்.

நாட்டின் மக்கள் தொகையில் முஸ்லிம்களின் பங்கு 2011 கணக்கெடுப்பின்படி 14.2 சதவீதம். சிறையில் நம்மவர்களின் பங்கு ஆண்டுதோறும் அதைவிடக் கூடுதலாகவே பதிவாகி வருகிறது. தலித் மக்கள், பழங்குடி மக்கள் நிலையும் இதுதான். இதில் மதமும் சாதியும் வறுமையும் கல்வியின்மையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வசதி படைத்தவர் ஒரு வாரத்தில் ஜாமீனில் வெளியே வரும் அதே வழக்கில், வசதியற்றவர் ஆறு மாதம் உள்ளே கிடப்பதை எந்த நீதிமன்ற வளாகத்திலும் பார்க்கலாம்.

இந்த இடத்தில் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். குற்றமற்றவர் என்பதற்கான அடையாளங்கள் கண்ணெதிரே தெரிந்த பின்னும் அவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலையாகிப் போகும் சக கைதியிடம், தம்மைப் பற்றி அரசரிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டார்கள். வெளியே போனவர் மறந்துவிட்டார். அந்த மறதியோடு மேலும் சில ஆண்டுகள் சிறையில் கழிந்தன என்று குர்ஆன் சொல்கிறது. பிறகு அரசர் அழைத்தபோதும் உடனே ஓடிவரவில்லை. தம் மீதான பழியை விசாரித்து உண்மையை வெளிப்படுத்துமாறு முதலில் கேட்டார்கள். சிறையில் இருப்பவருக்காக வெளியே பேச ஒரு ஆள் வேண்டும், விசாரணை முறையாக நடக்க வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் இந்த ஒரே வரலாற்றில் இருக்கின்றன. சட்ட உதவி அமைப்புகளின் வேலையும் இந்த இரண்டுதான்.

மதுரையில் ஒரு முன்மாதிரி

தமிழகத்தில் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட அமைப்பு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம். ஆங்கிலத்தில் 'பீப்பிள்ஸ் வாட்ச்' என்பார்கள். வழக்கறிஞர் ஹென்றி திபேன் அவர்களால் 1995-இல் தொடங்கப்பட்டது. 'சென்டர் ஃபார் புரமோஷன் ஆஃப் சோஷியல் கன்சர்ன்ஸ்' என்ற அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது.

காவல் நிலையச் சித்திரவதை, காவல் மரணம், துப்பாக்கிச் சூடு, சாதிய வன்கொடுமை ஆகியவை நடந்த இடத்துக்கு நேரில் போய் உண்மை அறிவதும், பாதிக்கப்பட்டவர்களிடமும் சாட்சிகளிடமும் பேசி ஆவணம் தயாரிப்பதும் இவர்களின் முதல் வேலை. அந்த ஆவணத்தை வைத்து நீதிமன்றத்திலும் மனித உரிமை ஆணையங்களிலும் வழக்கு நடத்துவது அடுத்த வேலை. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு மருத்துவமும் மனநல ஆதரவும் கிடைக்கச் செய்வதும் உண்டு. இவற்றுடன், பள்ளி மாணவர்களுக்கு மனித உரிமைக் கல்வி கற்றுத்தரும் திட்டத்தை 1997-இல் தமிழகத்தில் தொடங்கி, பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றார்கள்.

2018 மே 22-இல் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். இவ்விரண்டிலும் தொடர்ந்து குரல் எழுப்பிய அமைப்புகளுள் மக்கள் கண்காணிப்பகமும் ஒன்று. பாதிக்கப்பட்டவர்கள் எந்த மதம், எந்தச் சாதி என்று பார்த்து அவர்கள் வேலை செய்யவில்லை என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

இப்படிப்பட்ட வேலைக்கு என்ன செலவாகும்? முழுநேர வழக்கறிஞர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் மாதச் சம்பளம், பயணச் செலவு, சான்றிட்ட நகல்களுக்கான கட்டணம், அலுவலக வாடகை, தணிக்கைக் கட்டணம் என்று கணக்கு போகும். ஒரு காவல் மரண வழக்கு பத்து ஆண்டுகள் நடக்கலாம். பத்து ஆண்டும் யாரோ ஒருவர் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பள்ளிவாசல் கட்டும் நன்கொடையைப் போல ஒரு கட்டடத்தில் முடிந்துவிடும் செலவல்ல இது. மாதந்தோறும் வந்துகொண்டே இருக்க வேண்டிய பணம். இந்தத் துறையின் பலவீனமும் இங்குதான் இருக்கிறது.

வெளிநாட்டு நிதி: ஒரு கையெழுத்தில் நின்றுபோகும் பணம்

மனித உரிமைப் பணிக்கு உள்நாட்டில் நன்கொடை தருபவர்கள் குறைவு. கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, அனாதை இல்லத்துக்கு, மருத்துவத்துக்குக் கொடுக்கும் நம் நாட்டு மக்கள், கைதிக்கு வக்கீல் வைக்கக் கொடுப்பதில்லை. ஆகவே இத்தகைய அமைப்புகள் பல ஆண்டுகளாக ஐரோப்பிய மற்றும் பிற வெளிநாட்டு நிதி நிறுவனங்களை நம்பி வளர்ந்தன.

வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். 'எஃப்சிஆர்ஏ' என்று சொல்லப்படுவது இதுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். விசாரணை நடப்பதாகக் கூறி அமைச்சகம் அதை 180 நாட்களுக்கு இடைநிறுத்தி வைக்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின் மேலும் 180 நாட்கள் நீட்டிக்கலாம். அந்த நாட்களில் புதிய வெளிநாட்டுப் பணம் வராது. கையிருப்பில் உள்ளதிலும் அரசு அனுமதியுடன் கால் பங்கு வரை மட்டுமே செலவிட முடியும்.

மக்கள் கண்காணிப்பகத்தின் பதிவு 2012-இல் இடைநிறுத்தப்பட்டது. டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய் 2014-இல்தான் நிவாரணம் கிடைத்தது. 2016 அக்டோபரில் பதிவைப் புதுப்பிக்க அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பைத் தேசிய மனித உரிமை ஆணையமே தாமாக முன்வந்து கேள்விக்குள்ளாக்கியது. 2022 ஜனவரியில் வெளிநாட்டு நிதி தொடர்பான வழக்கில் சிபிஐ மதுரை அலுவலகத்தில் சோதனை நடத்தியது. நிதி விதிமீறல் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அமைப்பு அதை மறுக்கிறது.

டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் மனித உரிமைகள் முன்முயற்சி என்ற அமைப்பின் கதையும் இதைப் போன்றதே. 1987-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு சிறைகளைப் பார்வையிடும் முறை, விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு, காவல்துறைச் சீர்திருத்தம், தகவல் அறியும் உரிமை ஆகியவற்றில் நீண்ட காலம் உழைத்தது. 2021 ஜூனில் அதன் எஃப்சிஆர்ஏ பதிவு இடைநிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் ரத்தானது.

2020 திருத்தம் இன்னும் சில நிபந்தனைகளையும் கொண்டுவந்தது. எல்லா வெளிநாட்டு நிதியும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குத் தரக்கூடாது. பெரிய அமைப்பிடம் சிறிது நிதி பெற்று மாவட்ட அளவில் இயங்கிய சிறிய அமைப்புகளுக்கு இந்தக் கடைசி நிபந்தனை பெரும் அடியாக அமைந்தது.

அரசின் நடவடிக்கை சரியா தவறா என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். ஏழைக் கைதிக்காகப் பேசும் வாய், கடல் கடந்து வரும் பணத்தை மட்டுமே நம்பியிருந்தால், ஒரு கையெழுத்தில் அந்த வாய் மூடிவிடும் என்பது நாம் பெற வேண்டிய பாடம்.

அரசு தரும் சட்ட உதவி

வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது இந்தச் சட்டத்தில் உள்ள கடமை. அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு இதைச் சொல்கிறது. 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோர் தங்கள் வருமானம் எவ்வளவு என்று காட்டாமலேயே இலவச சட்ட உதவி பெறலாம். கைதாகி உள்ளே இருக்கும் எவரும் இதில் அடங்குவார்.

ஆனால் அரசு இதற்கு ஒதுக்கும் பணம் எவ்வளவு? 2025-இல் வெளியான இந்திய நீதி அறிக்கையின் கணக்குப்படி, தலைக்கு ஆண்டுக்குக் காவல்துறைக்கு 1,275 ரூபாய், நீதித்துறைக்கு 182 ரூபாய், சிறைகளுக்கு 57 ரூபாய் செலவாகிறது. சட்ட உதவிக்கு 6 ரூபாய் சொச்சம். கைது செய்யும் கைக்குக் கொடுப்பதில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான், கைதானவருக்காகப் பேசும் வாய்க்கு எட்டுகிறது.

இருந்தாலும் இந்த வசதியை நாம் விட்டுவிடக் கூடாது. தென்சென்னைப் புறநகர்க் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை:

• தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் தனியாக இயங்குகிறது. செங்கல்பட்டு, 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். எந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையம், எந்த நீதிமன்றம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சட்ட உதவிக்கு அந்த மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். 15100 என்ற இலவச எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம்.

• கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும். விசாரணையின்போது தம் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

• நடுவர் முன் நிறுத்தும் அந்த முதல் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. உடலில் காயம் இருந்தால் அப்போதே நடுவரிடம் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். அங்கே பேச ஒரு வழக்கறிஞர் இல்லாமல் போவதுதான் பல சோகங்களின் ஆரம்பம்.

• குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், ஜாமீன் கேட்பது கைதியின் உரிமையாகிவிடுகிறது. ஊபா போன்ற சிறப்புச் சட்டங்களில் இந்தக் காலம் 180 நாள் வரை நீளலாம். நாட்களை எண்ணி, உரிய நாளில் மனுப்போட ஒருவர் வேண்டும்.

• 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே வழக்கில் சிக்கியவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

• ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் சில நெறிமுறைகளை வகுத்தது. ஜாமீன் உத்தரவுக்குப் பின் ஏழு நாட்களில் ஒருவர் விடுதலையாகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம்.

• பிணைத்தொகை கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023 முதல் இருக்கிறது. ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம், போதைப்பொருள், ஊபா வழக்குகளுக்கு இது கிடைக்காது.

இத்தனை இருந்தும் ஏன் மக்கள் உள்ளேயே கிடக்கிறார்கள்? கேட்க ஆள் இல்லாததே பெரும் காரணம். தாம்பரத்திலிருந்து புழல் சிறைக்குப் போவதென்றால் சென்னையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். மனுப்போட்டுப் பார்த்துவிட்டு வர ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி, பிள்ளைகளோடு போனால் இன்னும் செலவு. அந்தத் தாயோ மனைவியோ இந்தச் சட்டப் பிரிவுகளையெல்லாம் தேடிப்பிடித்துப் போராடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தொண்டு அமைப்பு தேவைப்படுகிறது.

சமுதாயம் சுமந்த ஒரு வழக்கு

உள்நாட்டு மக்களின் பணத்தில் நீண்ட வழக்கை நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2002-இல் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த கொடிய தாக்குதல் வழக்கில் ஆறு முஸ்லிம்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் மூவருக்கு மரண தண்டனை. அந்த மூவரில் ஒருவர் முஃப்தி. ஜமிய்யத் உலமா-ஏ-ஹிந்த் அவர்களுக்குச் சட்ட உதவி செய்தது. 2014 மே 16-இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, விசாரணை நடத்தப்பட்ட விதத்தையும் கடுமையாகக் கண்டித்தது. அந்த முஃப்தி வெளியே வந்தபோது கைதாகி ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் கடந்திருந்தன.

இத்தகைய சட்ட உதவி நடப்பது, சமுதாயம் தரும் நன்கொடைகளால்தான். அந்தப் பணம் இடையில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"குற்றவாளிக்கு நாம் ஏன் உதவ வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றத்துக்குத் துணைபோவது ஹராம், அதில் இரண்டு கருத்து இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்தாக வேண்டும். ஆனால் குற்றவாளி யார் என்பதை முடிவு செய்யும் முறையே இரு தரப்பையும் கேட்பதுதான். ஒரு தரப்பின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அலீ (ரழி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். வக்கீல் இல்லாத ஏழையின் வழக்கில் மறு தரப்பே இல்லை. ஆகவே அங்கே தவறானவர் தண்டிக்கப்பட்டு, உண்மையான குற்றவாளி வெளியே நடமாடவும் வாய்ப்பு உண்டு.

ஜகாத்தா, ஸதகாவா?

கைதியை விடுவிக்கும்படியும், பசித்தவருக்கு உணவளிக்கும்படியும், நோயாளியை நலம் விசாரிக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் ஒரே சேர ஏவியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. நோயாளியைப் பார்ப்பதையும் பசித்தவருக்கு உணவளிப்பதையும் நம் சமுதாயம் அழகாகச் செய்கிறது. மூன்றாவது ஏவல்தான் பின்தங்கிக் கிடக்கிறது.

ஜகாத்தின் எட்டுப் பங்காளிகளைக் குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயம் 60-ஆம் வசனம் வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் 'ரிகாப்' என்பது அடிமைத்தளையில் இருப்போரைக் குறிக்கிறது. முன்னோர்களில் பெரும்பாலோர் இதை, விடுதலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட அடிமைகளுக்கு என்றே விளக்கினார்கள். எதிரியிடம் சிக்கிய கைதியை மீட்பதையும் இதில் சேர்த்தவர்கள் உண்டு. இன்றைய சிறைவாசியை நேரடியாக இதில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அந்த விவாதத்துக்குள் போகாமலேயே வழி இருக்கிறது. சிறைவாசியோ அவருடைய குடும்பமோ ஏழையாக, மிஸ்கீனாக, கடன்பட்டவராக இருந்தால், அந்த வகையிலேயே ஜகாத் பெறத் தகுதியுடையவர்களே. ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் பொருளை அவருக்கு உரிமையாக்கித் தர வேண்டும். எனவே தொகையை அவருடைய கையிலோ, அவர் பொறுப்பளித்த ஆளிடமோ கொடுத்து, அவர் அதிலிருந்து பிணைத்தொகையோ கட்டணமோ செலுத்துவது பேணுதலான முறை. அமைப்பின் அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், பயிற்சி முகாம் ஆகியவற்றுக்கு ஜகாத்தைப் பயன்படுத்தாமல் ஸதகா, லில்லாஹ் நிதியைப் பயன்படுத்த வேண்டும். ஸதகாவை முஸ்லிமல்லாத ஏழைக் கைதிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் மத்ஹபின் சட்டத்தை உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுச் செயல்படுங்கள்.

இதிலிருந்து ஒரு நிர்வாகக் கடமை பிறக்கிறது. ஜகாத்துக்குத் தனிக் கணக்கு, ஸதகாவுக்குத் தனிக் கணக்கு வைக்காத எந்த அமைப்பிடமும் ஜகாத்தை ஒப்படைக்காதீர்கள்.

கொடுக்கும் முன் கேளுங்கள்

நல்ல பெயரோடு தொடங்கும் எல்லா அமைப்பும் நல்ல கணக்கோடு இயங்குவதில்லை. அமானிதமான பணம் என்பதால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கேட்க வேண்டியவை:

1. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப்பட்டதா? பதிவு எண், நிரந்தரக் கணக்கு எண், அறங்காவலர்களின் பெயர்கள் வெளிப்படையாக இருக்கின்றனவா?

2. வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் இருக்கின்றனவா? 80ஜி இருந்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை.

3. பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் காட்டுவார்களா? அதில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றும் பிரிந்து தெரிகிறதா?

4. வெளிநாட்டில் வாழும் உறவினர் பணம் அனுப்ப விரும்பினால், அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் தருவது அப்படியல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் பணம் வாங்கி, நல்ல அமைப்பும் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

5. கடந்த ஆண்டில் எத்தனை வழக்குகளை எடுத்தார்கள், எத்தனை பேருக்கு ஜாமீன் கிடைத்தது, எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன? கைதிகளின் பெயரோ படமோ போட்டு விளம்பரம் தேடாமல் எண்ணிக்கையாகச் சொல்லும் அமைப்பே மேலானது.

சம்பளத்துக்குச் செலவாகிறதே என்று குறை சொல்லாதீர்கள். சட்ட உதவியில் வேலை செய்வது மனிதர்கள்தான். வக்கீலின் நேரம்தான் அங்கே மருந்து. சம்பளம் எவ்வளவு என்பது கணக்கில் தெரிகிறதா என்பதைப் பாருங்கள், அது போதும்.

நம் மஹல்லாவில் என்ன செய்யலாம்?

பெரிய அமைப்பு கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐந்நூறு குடும்பங்கள் உள்ள ஒரு மஹல்லாவில் குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய் சேர்ந்தால் மாதம் 50,000, ஆண்டுக்கு 6 லட்சம். பிணைத்தொகைக்கு ஒருவருக்கு 40,000 ரூபாய் என்று கணக்கிட்டாலும், ஆண்டுக்குப் பதினைந்து பேருக்குக் கை கொடுக்கலாம். எந்த அமைச்சகத்தின் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பணத்தைவிட முதலில் ஆட்கள் வேண்டும். சட்டம் படித்த இளைஞர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களாகச் சேரச் சொல்லலாம். அதற்கு வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை, பயிற்சியை அவர்களே தருகிறார்கள். கைது நடந்த இரவிலேயே அழைக்கக்கூடிய இரண்டு வழக்கறிஞர்களின் எண் ஜமாஅத் அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

ஜாமீன்தாரர் பிரச்சினையும் பெரிது. சொந்த வீடும் வரி ரசீதும் உள்ள உறவினர் இல்லாத வாடகைக் குடும்பங்கள், பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவர்களிடம் போய் ஏமாறுகிறார்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் இன்னொரு வழக்கும் சேரும். தகுதியுள்ள சிலர், குடும்பத்தை நன்கு விசாரித்து அறிந்த பின், ஜாமீன் நிற்க முன்வந்தால் அது பெரும் தர்மம். ஆனால் விடுவிக்கப்பட்டவர் தலைமறைவானால் பிணைத்தொகையை ஜாமீன்தாரர் கட்ட நேரும். இதைத் தெரிந்தே முன்வர வேண்டும். விடுதலையானவர் வாய்தா நாளில் நீதிமன்றத்துக்குப் போகிறாரா என்று கவனிப்பதும் மஹல்லாவின் பொறுப்பாகட்டும்.

உள்ளே ஒருவர் இருக்கும் வீட்டின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், வாடகை, சிறைக்குப் போய்வரும் பயணச் செலவு ஆகியவையும் சட்ட உதவியின் ஒரு பகுதியே. அந்த வீட்டுப் பெண்ணைக் கல்யாண வீட்டில் ஒதுக்காமல் இருப்பதும், விடுதலையாகி வந்தவருக்கு ஒரு கடையில் வேலை கொடுப்பதும் காசில்லாமல் செய்யக்கூடிய உதவிகள். விடுதலையானோருக்குத் தொழில் செய்ய உதவும் தமிழ்நாடு விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கம் பிரிட்டிஷ் காலத்திலேயே தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. அதன் உதவியையும் கேட்டுப் பெறலாம்.

சிறையிலிருந்து வெளியே போன தோழர் யூஸுஃப் (அலை) அவர்களை மறந்தது ஷைத்தானின் வேலை என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் மறக்காமல் இருப்போம். அநீதியாகச் சிறைப்பட்ட ஒவ்வொருவருக்கும் விடுதலையையும், அநீதி இழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நீதியையும், நம் கையிலுள்ள செல்வத்தை அதற்காகச் செலவிடும் மனதையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.